ராசாத்தி கை பட்ட வெங்காயம்

அப்பு,

நீ அனுப்பிய அச்சுத்தாள்கள் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. நான் மதராசுக்கு வேலைக்குக் கிளம்புவதற்குள் பிழை பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். எட்டாவதோடு ஏர் பிடிக்கப் போனவனிடம் பிழை பார்க்கக் கொடுத்த உன் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டேதான் முதல் நாள் உட்கார்ந்தேன். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சொற்கள் எங்கே பிறந்தன, எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தன என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறாய். சாவியும் ஜன்னலும் கப்பலேறி வந்த போர்த்துக்கீசியச் சொற்கள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுக்கிற திண்டுக்கல்லுக்குச் சாவி என்ற சொல் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. மிளகாய் நம் நாட்டுப் பயிரே இல்லை, மிளகைப் போல உறைக்கிற காய் என்று பேர் வைத்துச் சேர்த்துக்கொண்டோம் என்பதைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா நம்பவில்லை. "அப்ப அதுக்கு முன்னாடி கொழம்புல என்னத்தப் போட்டாகளாம்?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். வெஞ்சனம் என்பது வியஞ்சனம் என்ற வடசொல் என்றதும், "ஆத்தாடி, இம்புட்டு நாளா சமஸ்கிருதத்தையா தொட்டுக்கிட்டுத் தின்னோம்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது, பிறகுதான் கெட்ட வாடைக்குப் போய்விட்டது என்று நீ எழுதியிருந்த இடத்தில் மட்டும் சிரிக்காமல் கொஞ்சம் நின்றேன். பிறகு அடுத்த தாளைப் புரட்டினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தத் தாள்கட்டை நான் தொடவில்லை.

அந்தத் தாளில் நீ எழுதியிருப்பது இது: ராசாத்தி கை படுதல் என்றால் கெட்டுப்போதல், விளங்காமல் போதல், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எல்லோர் வாயிலும் புழங்கும் பேச்சு, பாளையக்காரர் காலத்தில் ஓர் அரசி ஓலையில் கைநாட்டு வைத்துக் கோட்டையைத் தோற்றதால் வந்தது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். அரசியாம், கோட்டையாம். அந்த வாத்தியார் நன்றாக இருக்கட்டும், கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. ராசாத்தி எந்தக் கோட்டையையும் ஆளவில்லை, அப்பு. நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ரெட்டியார்சத்திரம் போகிற வண்டிப்பாதை ஓரத்தில் குடியிருந்தவள். என் பங்காளி அண்ணன் ஒருவரின் மனைவி. எனக்கு மதினி, உனக்குப் பெரியம்மா. உனக்கு நாலைந்து வயதாகும்போதே ஊரைவிட்டுப் போய்விட்டதால் முகம் உனக்கு நினைவிருக்காது. நீ அந்தச் சொல்லுக்குப் போட்டிருக்கும் அர்த்தத்தில் அதை முதன்முதலில் சொன்னவன் நான்தான். இந்த வாரம் வரைக்கும் இதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

முதலில் அவள் கையைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கத்தில் சின்ன வெங்காயம் நடும்போது முதல் காயை யார் வேண்டுமானாலும் ஊன்றிவிட முடியாது. கைராசிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் ஊன்றிய பிறகுதான் மற்றவர்கள் காட்டில் இறங்குவார்கள். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கை ராசாத்தி மதினியுடையது. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து மூன்று காய் ஊன்றுவாள். அவளுக்கு முறத்தில் கம்பும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பார்கள். தயிருக்கு உறை ஊற்ற, ஊறுகாய் ஜாடிக்கு உப்புப் போட, புதுக் கிணற்றில் முதல் மண் வெட்ட, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட வருவார்கள். வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போன ஊர்களும் உண்டு. வாய்த்துடுக்கு வேறு. என்னைக் கண்டால் விடமாட்டாள். "என்ன கொழுந்தனாரே, ஏங் கைய நம்பிக்கிட்டு நீங்க காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீகளா?" என்பாள். ஒரு காடு நன்றாக விளைந்திருந்தால் ஊரில் சொல்வது, "அதுல ராசாத்தி கை பட்டுச்சுல்ல" என்று. அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம் அதுதான். உன் வாத்தியாருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

நாடு சுதந்திரமாகி ஏழெட்டு வருடம் இருக்கும். என் கூடப்பிறந்த அண்ணன், உன் பெரியப்பாவும் நானும் அப்போது ஒரே குடும்பம். விதை வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைத்திருந்தோம். பட்டறை உனக்குத் தெரியும், கல்லடுக்கி, மேலே குச்சி பரப்பி, காற்றோட்டமாகக் காயைக் குவித்து ஓலைத் தட்டியால் மூடி வைப்பது. சித்திரையில் உன் பெரியப்பா வத்தலக்குண்டில் மாமனார் ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என்னிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "ஏலே, பட்டறையக் காத்தாடத் தொறந்து விடு. மானம் ஒரு மாதிரியா இருக்கு. எங்கிட்டும் போயிறாத." நான் தட்டியை எடுத்து வைத்துவிட்டு, திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி, மத்தியானக் காட்சிக்குப் போய்விட்டேன். படம் பாதியில் இருக்கும்போதே தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகிவிடுமே என்று முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வந்து பார்த்தால் பட்டறைக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் களத்தில் கொட்டிக் காயவைத்தேன். மேல்தோல் நன்றாகச் சலசலவென்று காய்ந்துவிட்டது. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெங்காயம் போடுகிற எவனுக்கும் தெரியும். பழையபடி குவித்து மூடிவிட்டு, உன் பெரியப்பா வந்து கேட்டபோது, "இங்க தூத்தல்தான்" என்றேன். முப்பது வயது தாண்டி, பிள்ளை பெற்றவன், அண்ணனிடம் ஏச்சு வாங்கப் பயந்துகொண்டு சொன்ன பொய் அது.

வைகாசியில் நட்டோம். மதினி வந்து மூன்று காய் ஊன்றினாள். முறத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முளைப்பு என்னவோ வந்தது, ஒரு மாதத்தில் தாள் மஞ்சளடித்துச் சாய்ந்தது, பிடுங்கிப் பார்த்தால் காய் கொழகொழவென்று கையோடு வந்தது. காடு முழுக்க அந்த வாடை. உன் பெரியப்பா வரப்பில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினார்: "எந்தக் கைடா வச்சது இதுல?" களையெடுக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் இறைக்கிற கமலை மாட்டின் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். "நாந்தான் வச்சேன்" என்றாள் அவள். அன்றைக்கு அந்த வரப்பில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். உன் பெரியப்பா என்னை அடித்திருப்பார், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், பிறகு சரியாகிப் போயிருக்கும். உனக்கு நான் சொல்ல விரும்புகிற புத்தி ஒன்றே ஒன்றுதான், அது இங்கேதான் இருக்கிறது: சொல்ல வேண்டியதை அந்த இடத்திலேயே சொல்லிவிடு. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனவன் மறுநாளும் சொல்வதில்லை.

நான் அதோடு நிறுத்தியிருந்தாலும் கோழை என்ற பேரோடு போயிருக்கும். பிழைத்த காயில் நாலைந்து மூட்டை தேறியது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். சாக்கெல்லாம் கசிந்து, வண்டியைச் சுற்றி ஈ. எனக்கு அவமானம் தாங்கவில்லை. எப்போதும் நம்மிடம் காய் எடுக்கிற வியாபாரி வந்து சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க காடுன்னா கண்ண மூடிட்டு எடுப்பனுங்க. இதென்னங்க இப்படி ஒழுகுது?" என்றார். சுற்றிலும் லாரிக்காரர்கள், தரகர்கள், நம் ஊர் ஆட்கள் நாலைந்து பேர். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு, "ராசாத்தி கை பட்ருச்சு, அதான்" என்றேன். நல்லது விளைந்தால் சொல்கிற சொல்லைக் கெட்டதற்குச் சொன்னேன் பார், அதில்தான் அவர்களுக்குச் சிரிப்பு. நம் ஊர்க்காரன் ஒருவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தெரியாதவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னான். அடுத்த வண்டியில் அழுகல் காய் வந்ததும் அந்த வியாபாரி, "இதும் ராசாத்தி கைங்களா?" என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பெருமையாக இருந்தது, அப்பு. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஊருக்கு வரும்வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சொற்கள் கப்பலில் வருகின்றன என்று நீ எழுதுகிறாய். இது லாரியில் போனது. கேரளா லோடு ஏற்றுகிறவர்கள், டீக்கடைக்காரர்கள், பஸ்காரர்கள் என்று ஒரு வருடத்துக்குள் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. மாவு புளிக்கவில்லையா, ராசாத்தி கை. டயர் வெடித்ததா, ராசாத்தி கை. மறு வருடம் ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கண்டக்டர், எங்கேயோ வெளியூர்ப் பையன், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ராசாத்தி கை பட்ருச்சு, எல்லாரும் எறங்குங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. முன்பக்கம் பெண்கள் இருக்கையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மதினி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. எல்லோரும் இறங்கும்வரை இருந்து, கடைசியாக இறங்கி, அந்தக் கண்டக்டரிடமே, "அடுத்த பஸ்ஸு எப்பப்பா?" என்று கேட்டாள். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். இவள்தான் அந்த ராசாத்தி என்று அவனுக்குத் தெரியாது. நான் பின்பக்கப் படிவழியே இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல், காட்டுப்பாதையில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன்.

அதற்குள் அவளை ஊன்றுகைக்குக் கூப்பிடுவதை எல்லோரும் விட்டிருந்தார்கள். கூலி நடவுக்குக்கூட அவள் வந்தால் மற்றப் பெண்கள் முகம் சுளித்தார்கள். ஒரு வளைகாப்பில் வளையல் தட்டைத் தொடப் போனவளை யாரோ கையைப் பிடித்து நகர்த்திவிட்டார்கள் என்று உன் அம்மா வந்து சொன்னாள். சொன்னவளே இன்னொன்றும் சொன்னாள்: "தம்பிக்குச் சேனை வச்சது ராசாத்தியக்காதான்னு எவகிட்டயும் மூச்சு விட்றாதீக." ஆமாம் அப்பு, நீ பிறந்ததும் உன் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைத்தது அவள் விரல்தான். நல்ல கை வேண்டும் என்று நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பிறகு அதையும் மறைத்தோம். கொஞ்ச நாளில் அவர்கள் இருந்த துண்டுக் காட்டை விற்றுவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் போனார்கள். நம் கிணற்றை ஒட்டிய காடு அது, வாங்கியது நாம்தான். நீ காந்திகிராமத்துப் பக்கம் தங்கிப் படித்ததெல்லாம் அதில் விளைந்ததில்தான்.

உன் அச்சுத்தாளைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று முன்தினம் திண்டுக்கல்லுக்குப் போனேன். புகையிலைக் கிட்டங்கியில் இலை பிரிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. அந்தக் கிட்டங்கித் தெருவில் ராசாத்தி வீடு எது என்று கேட்டேன். முனைக் கடையில் இருந்த பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பேரை யாருண்ணே வச்சுக்குவா?" என்று சிரித்தார். அடையாளம் சொன்னதும், "அட, நம்ம செல்லம்மாக்காவையா கேக்குறீங்க" என்று வீட்டைக் காட்டினார். மதினி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர், அந்தப் பங்காளி அண்ணன், இறந்து நாலு வருடமாகிறது என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "பேர ஏன் மாத்துனீக மதினி?" என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு என்ன துணிச்சல் பார். "வேலைக்குச் சேரயில பேரு கேட்டாக. சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. மறுநாளு வேற எடத்துல செல்லம்மான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

பட்டறையை, மழையை, சினிமாவை எல்லாம் சொன்னேன். சந்தையில் நான் சொன்னதையும் சொன்னேன். கீரையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "சினிமாவும் சந்தையும்தான் எனக்குப் புதுசு" என்றாள். "காயி நனைஞ்சது அன்னைக்கே தெரியும். நீர் குடிச்ச காயி வெரலுக்கு அமுங்குமே, எத்தன வருசம் ஊனுன கை. மொதக் காயத் தொட்டதும் ஒங்க மூஞ்சியப் பாத்தேன். அண்ணனுக்குப் பயந்து வெளிறிப் போயிருந்தீக. நட வேணாம்னு நான் எந்திரிச்சிருந்தா அங்கனயே ஒங்கள வெட்டிப் போட்டிருப்பாரு. சரி, நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா நம்ம கொழுந்தன் வாயத் தொறந்து சொல்லிருவாருன்னு நெனச்சு ஊனிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்று அந்தச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். அவள் கீரைக்காம்பை ஒதுக்கிவிட்டு, "இத்தன வருசமாத் திண்டுக்கல்லு எம்புட்டுத் தூரம்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ்ஸு" என்றாள். பிறகு, "மகன் புஸ்தகம் போடலன்னா இன்னைக்கு வந்திருப்பீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது ஒன்றைத்தான் அவளிடம் நான் உடனே சொன்னேன். அந்தச் சொல்லைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "எடுத்தா மட்டும் பஸ்ஸுல சொல்லாம இருப்பானா? இருக்கட்டும். எப்படி வந்துச்சுன்னு சரியா எழுதச் சொல்லுங்க. ஏம் பேரு இருக்குற எடத்துல ஒங்க பேரும் இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். சாப்பிடச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த நிம்மதியோடு திரும்பி வந்து இந்தக் கடிதத்தை எழுதாமலே விட்டிருப்பேன், அவளுக்கு என்னைத் தெரியும்.

அச்சுத்தாள்களைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அரசியையும் கோட்டையையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இந்தக் கடிதத்தை வேண்டுமானால் அப்படியே போடு, இல்லையென்றால் நாலு வரியாகச் சுருக்கி நீயே எழுது, எனக்கு எதுவானாலும் சரி. உன் அம்மாவுக்கு நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன், அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஊரில் தலைகாட்ட முடியாது என்று உனக்குப் பயம் வரும். உனக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றும் தோன்றும். அப்போது 'அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர்' என்று பொதுவாக எழுதிவிடலாமே என்று உன் பேனா இழுக்கும். அந்த இழுப்பு எனக்கு நன்றாகத் தெரியும், அப்பு, வரப்பில் நின்றபோது என் தலையைக் குனியவைத்ததும் அதுதான். 'என் அப்பா' என்றே எழுது.